ஆள் மிச்சம்

சொட்டுநீர் போட்டால் தண்ணீர் மிச்சம், உரம் மிச்சம், ஆளும் மிச்சம் என்று ஊருக்குள் நடந்த விளக்கக் கூட்டத்தில் சொன்னார்கள். ஓரமாக நின்றிருந்த என் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்: "மிச்சமாவுற ஆளு நான்தானேடா?"

என்னிடம் பதில் இல்லை.

பாலாற்றங்கரை மண் கெட்ட கதை நமக்குப் புதிதல்ல. டேனரிக் கழிவு ஆற்றிலும் ஏரியிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், கெடுத்தவனே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 28.8.1996இல் தீர்ப்பளித்தது. அதன்பேரில் அமைந்த ஆணையம் 2001இல் 29,193 பேருக்கு ஏறத்தாழ 26 கோடியே 82 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டது. விவகாரம் அதோடு தீரவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. நல்ல தீர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் நிலம் உவர்ந்தபோது அம்மாவுக்கு நடவு போச்சு, களை போச்சு, அறுப்பு போச்சு. அப்பா சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினார். போன கூலிக்கு சர்வே நம்பர் ஏது?

இப்போது மண்ணைத் திருத்துகிறவருக்கு அரசு உதவுகிறது. சிறு குறு விவசாயிக்குச் சொட்டுநீர் 100 சதவீத மானியத்தில். 2024இல் வந்த 'மண்ணுயிர் காத்து மண்ணுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதை. தலித் சிறு குறு விவசாயிக்குச் சிலவற்றில் 20 சதவீதம் கூடுதல் மானியமும் உண்டு. வேண்டியவைதான். ஆனால் உள்ளே நுழைய சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும். குத்தகைக்காரர் என்றால் சொட்டுநீருக்கு 7 வருஷப் பத்திரம் கேட்பார்கள். வாரத்துக்கு உழுகிறவனுக்கு வாய்ச்சொல்தான் பத்திரம். 1892இல் நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் கையில் நின்றிருந்தால்... அது தனிக் கதை.

"நிலத்துக்காரனுக்குத்தானே நஷ்ட பயம்?" என்றார் ஒரு தோழர். நியாயம்தான். புது முறைக்கு மாறினால் முதலில் விளைச்சல் குறையலாம். மானியம் அந்தப் பயத்துக்குத் துணை. பணம் போட்டவனின் நஷ்டத்தில் அரசு பங்கெடுக்கிறது. உடம்பைப் போட்டவளின் நஷ்டத்தில்? மடை திருப்ப ஆள் வேண்டாம், களையும் பாதிதான். பூமிக்குச் செய்கிற நன்மைக்கான செலவில் ஒரு பங்கை அவள் கூலியில் பிடிக்கிறோம், அவளைக் கேட்காமலே. கெடுத்தவன் கொடுக்கணும் என்பது சட்டமாகிவிட்டது. மிச்சம் பிடிக்கிறவன் கொடுக்க வேண்டாமா? மானியக் கோப்பில் ஏக்கரை எழுதுகிற இடத்திலேயே குறையும் வேலைநாளையும் எழுதி, அதற்கும் பணம் ஒதுக்கினால் என்ன?

போன பட்டத்தில் அம்மா தக்கைப்பூண்டு மிதிக்கப் போயிருந்தாள். வந்து காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சேத்துல மிதிச்சது நாங்கோ. பேரு எழுதிகினு போனது அவுரு பேர."