ஏறிய பின் ஏணி எதற்கு?

சினிமாவில் நாம் சொல்லும் ‘கிளைமாக்ஸ்’ கிரேக்க மொழியில் வெறும் ஏணிதான். அந்த ஏணியே அடைமொழியாக ஒட்டிக்கொண்டவர், 7ஆம் நூற்றாண்டில் சினாய் மலை மடத்தின் தலைவராக இருந்த துறவி யோவான் கிளிமாக்கஸ். துறவு வாழ்வை 30 படிகளாகப் பிரித்து அவர் எழுதிய நூலில் முதல் படி உலகைத் துறத்தல். கடைசிப் படி அன்பு. இடையில் கோபத்துக்கும் பெருந்தீனிக்கும் புறங்கூறலுக்கும்கூடத் தனித்தனிப் படிகள் உண்டு.

அந்த ஏணியைக் கண்ணாலும் பார்க்கலாம். சினாயில் உள்ள புனித கத்தரீனா மடத்தின் 12ஆம் நூற்றாண்டு ஓவியத்தில், பொன்னிறப் பின்னணியில் ஏணி சாய்ந்து நிற்கிறது. உச்சியில் கிறிஸ்து. துறவிகள் வரிசையாக ஏறுகிறார்கள். கரிய பேய்கள் அம்பெய்தும் பிடித்திழுத்தும் சிலரைத் தலைகுப்புறத் தள்ளுகின்றன.

சரி, ஏறி முடித்தவருக்கு ஏணி எதற்கு?

தத்துவவாதி விட்கென்ஸ்டைன் இதற்குத் தயங்காமல் விடை சொன்னார். 1921இல் வெளியான ‘டிராக்டேடஸ்’ நூலின் முடிவில், தன் வாக்கியங்களைப் புரிந்துகொண்டவர் ஏறிய ஏணியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்றார். கிளிமாக்கஸ் அப்படிச் சொல்லவில்லை. அன்பில் வளர்வதற்கு எல்லையே கிடையாது என்பது அவர் கருத்து.

அறிவுக்கு விட்கென்ஸ்டைன் சொன்னது பொருந்தலாம், ஒழுக்கத்துக்குப் பொருந்தாது. ஆர்த்தடாக்ஸ் மடங்களில் கிளிமாக்கஸின் நூலை இன்றும் தவக்காலந்தோறும் முதல் படியிலிருந்து வாசிக்கிறார்கள்.