எருவும் கருணையும்

என் நண்பர் ஒருவர் எங்கே போனாலும் அங்கே ஒரு தர்மத்தைத் தேடுவார். கோயிலுக்குப் போனால் சிற்பத்தைப் பார்க்கமாட்டார். கட்டியவன் மனத்தைத் தேடுவார். ஆற்றங்கரைக்குப் போனால் குளிக்கமாட்டார். படித்துறை கட்டிய புண்ணியவான் யார் என்று விசாரிப்பார். அப்படிப்பட்டவர் வேடந்தாங்கலுக்குப் போய்விட்டு வந்து, முகம் வாடி உட்கார்ந்திருந்தார்.

"பறவைகள் வரவில்லையா?" என்று கேட்டேன்.

"ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. அதற்குக் குறைவில்லை. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் ஜீவகாருண்யத்தினால் அவற்றைக் காப்பாற்றுகிறார்கள் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன். எருவுக்காகக் காப்பாற்றுகிறார்களாம்! ஒரு குடியானவரே சிரித்துக்கொண்டு சொன்னார். என்னவோ போல் ஆகிவிட்டது" என்றார்.

நண்பருடைய ஏமாற்றத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. மிகப் பழைய கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. பயன் கருதிச் செய்கிற நன்மை நன்மைதானா? ஒருவன் தன் லாபத்துக்காக ஓர் உயிரைக் காத்தால், அவனை அறவான் என்பதா, கெட்டிக்கார வியாபாரி என்பதா?

முதலில் அந்தக் குடியானவர் சொன்ன விஷயத்தைப் பார்ப்போம். வேடந்தாங்கல் சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரத்தில், மதுராந்தகத்துக்கு அருகே உள்ள சிற்றூர். ஏரியும் சிறியது, சுமார் 30 ஹெக்டேர். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது நிரம்பியதும் தண்ணீருக்கு நடுவே நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் வந்து இறங்குகின்றன. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் என்று எத்தனையோ இனம். மரத்துக்கு மரம் கூடு. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாய், பூனைத் தொல்லை இல்லை. மழை பொய்த்து ஏரி வறண்ட வருஷத்தில் அவற்றின் வருகையும் பொய்த்துவிடும்.

இத்தனை பறவைகளுக்கும் இந்தச் சின்ன ஏரியில் இரை எப்படிப் போதும்? போதாது. அவை சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து போய் மீனும் நத்தையும் தேடித் தின்றுவிட்டு, கூட்டுக்குத் திரும்பி வருகின்றன. எச்சம் மட்டும் இந்த ஏரியில் விழுகிறது. அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாயும்போது உரத்தையும் சேர்த்துக்கொண்டு போகிறது. வண்டி மாடு இல்லாமல், கூலி இல்லாமல், வானத்து வழியாக எரு வந்து சேருகிறது! இதை அந்த ஊர்க்காரர்கள் எந்த விஞ்ஞானியும் வந்து சொல்வதற்கு முன்பே கண்டுகொண்டார்கள்.

ஊரின் பெயரையும் கவனிக்க வேண்டும். தாங்கல் என்றால் சிறிய ஏரி. அதற்கு முன்னால் நிற்பவன் வேடன். ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களின் இடமாக இருந்தது என்று பெயரே சொல்கிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட ஆரம்பித்தபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். லயோனல் பிளேஸ் என்ற அந்தக் கலெக்டர் 1798-இல், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் வருகிற அதே பிளேஸ் துரைதான். 1858-இல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அரசாங்கமே அதைப் பறவைகளின் காப்பிடமாக அறிவித்தது. 2022-இல் ராம்சார் ஒப்பந்தத்தின்படி, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலிலும் அது சேர்ந்தது. சர்க்காரும் உலகமும் பிற்பாடுதான் வந்தன. முதலில் வந்தது ஊர். ஊரை வரச் செய்தது எரு.

இனி என் நண்பரின் கட்சிக்கு வருவோம். நம் இலக்கியம் முழுவதும் அவர் பக்கம்தான் நிற்கிறது. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியார், மறுமையில் கிடைக்கும் பலனைக்கூட எண்ணாமல் கொடுத்தவன் என்றுதான் அவனைப் புகழ்கிறார். பேகன் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அகவிய மயில் குளிரால் நடுங்குகிறதென்று எண்ணிப் போர்வையை எடுத்துக் கொடுத்துவிட்டான். மயில் அவனுக்கு என்ன திருப்பிக் கொடுக்கும்? ஒன்றும் கொடுக்காது. அதனால்தான் அவன் வள்ளல்.

பேகனுக்கு என் வணக்கம் உண்டு. ஆனாலும் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. பேகன் ஒரு நாள், ஒரு போர்வையைக் கொடுத்தான். அந்தப் போர்வை மயிலுக்கு உபயோகப்பட்டதா என்று யாரும் விசாரிக்கவில்லை. கொடுத்தவனுடைய உள்ளத்தின் அழகில் சொக்கிப்போய்விட்டோம். வேடந்தாங்கல் குடியானவன் பறவைக்கு எதுவுமே கொடுப்பதில்லை. அவன் செய்வதெல்லாம் செய்யாமலிருப்பதுதான். கல்லெறிவதில்லை, கண்ணி வைப்பதில்லை, தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி ஊர்களிலும் இதே வழக்கம் உண்டு. நாடு முழுவதும் பட்டாசு வெடிக்கிற நாளில், வெடி கேட்டு அழுகிற பிள்ளைக்கு, "வேண்டாம், குஞ்சு பயந்துபோகும்" என்று வருஷா வருஷம் சமாதானம் சொல்வது எளிதான காரியமா? தன் பிள்ளையின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டு பறவைக் குஞ்சை நினைக்கிற தகப்பனை வெறும் வியாபாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. பயன் வேண்டுமென்று நினைக்கிறவன் கவனிக்கிறான். பறவை எப்போது வரும், எந்த மரத்தில் தங்கும், எதைக் கண்டு பயப்படும், எப்போது புறப்படும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். நம்மைப் போல் ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறவர்களுடைய அன்புக்கு அந்த அறிவு தேவையே இல்லை. "ஆகா!" என்று ஒரு தரம் சொன்னால் போதும்.

பயன் கருதாத பார்வை பூரணமாக நிறைவேறுகிற இடம் ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. 1851-இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் பறவைகளைப் பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அவற்றால் யாருக்கும் எருவும் இல்லை, இறைச்சியும் இல்லை. பார்ப்பதற்காகவே நிற்கின்றன. படிக்கிற பிள்ளைகளுக்கு அதனால் உபயோகம் உண்டு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பறவைகள் பறப்பதில்லை.

இவ்வளவும் சொன்னபோது நண்பர் விட்டாரா? "ஆடு வளர்க்கிறவனும் பயனுக்காகத்தான் வளர்க்கிறான். வேளைக்குத் தழை போடுகிறான். நோய் வந்தால் மருந்து கொடுக்கிறான். திருவிழா வந்ததும் என்ன செய்கிறான்?" என்று கேட்டார்.

சரியான கேள்வி. பயன் மட்டுமே அறமாகிவிடாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பயனிலும் இரண்டு விதம் உண்டு. உயிரை எடுத்தால் கிடைக்கிற பயன் ஒன்று. அந்த உயிர் தன் இஷ்டப்படி வாழ்ந்தால் மட்டுமே கிடைக்கிற பயன் மற்றொன்று. கூண்டில் அடைத்த நாரை பத்து ஏரி சுற்றி எரு கொண்டு வராது. அதைச் சுதந்தரமாக விட்டால்தான் லாபம். இப்படிப்பட்ட லாபம் மனிதனுக்கு மெள்ள மெள்ள ஒரு பாடம் கற்பிக்கிறது.

நாவல் எழுதுகிறவனுக்கு ஓர் அனுபவம் உண்டு. உன்னத நோக்கத்தோடு முதல் அத்தியாயத்தில் நுழைகிற பாத்திரம் பத்தாவது அத்தியாயத்தில் களைத்துப்போய்விடும். ஏதோ ஒரு தேவைக்காகப் படியேறி வந்தவன்தான் வீட்டு மனிதனாகிக் கடைசிவரை இருப்பான். வேடந்தாங்கலிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். ரசாயன உரம் மூட்டை மூட்டையாகக் கடைக்கு வந்து எத்தனையோ பத்தாண்டுகள் ஆகிவிட்டன. எரு ஒன்றுதான் காரணமென்றால் ஊரில் எப்போதோ வெடிச் சத்தம் கேட்டிருக்கும். பாட்டன் எருவுக்காக விட்டான். மகன் பாட்டன் விட்டான் என்பதற்காக விட்டான். பேரன் "எங்க ஊர்ப் பறவை" என்கிறான். பயனை விதையாக வைத்து முளைத்தது இப்போது வேறு மரமாக நிற்கிறது.

அப்படியானால் கருணைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. எருவின் காவலுக்கு ஓர் எல்லை உண்டு. ஏரித் தண்ணீர் பாய்கிற வயலோடு அது நின்றுவிடும். பறவையோ அந்த எல்லைக்குள் நிற்பதில்லை. அது இரை தேடப் போகிற மற்ற ஏரிகளின் கரையில் இருப்பவர்களுக்கு எரு கிடைப்பதில்லை, மீன்தான் குறைகிறது. அந்த ஏரிகளில் குப்பை கொட்டினாலும், கழிவு கலந்தாலும், மனை பிரித்தாலும் வேடந்தாங்கல்காரர் என்ன செய்ய முடியும்? கூட்டைக் காக்கலாம், இரைக்கு எங்கே போவார்? 2020-இல், சரணாலயத்தைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் எல்லையைச் சுருக்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது. பல தரப்பிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. எதிர்த்தவர்களில் எத்தனையோ பேருக்கு அங்கே ஒரு காணி நிலம்கூடக் கிடையாது. அவர்களுடைய வயலுக்கு அந்தத் தண்ணீர் பாயாது.

பயன் கருதாத அன்புக்கு உரிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எருவுக்காகக் காப்பவரின் மனத்தை எடைபோட அதற்கு அதிகாரம் இல்லை. அவருடைய காவல் எட்டாத இடத்தில் போய் நிற்கத்தான் அது வேண்டும். அங்கே நிற்பதற்கும் செலவு உண்டு. அந்த ஊர்க்காரர் பண்டிகைச் சந்தோஷத்தை விட்டுக்கொடுத்தார். ஏரிக்கரையில் மனை விலை குறைவு என்று கேள்விப்பட்டதும் முன்பணம் கட்டக் கிளம்புகிற நாம், எதை விட்டுக்கொடுக்கப் போகிறோம்?