உதயத்தைப் படம் பிடித்தல்

டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் டிசம்பரின் பிற்பகுதியில் சூரியன் எழுவது காலை 8.40 மணியை ஒட்டி. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குள் சாலைக்கு வந்துவிடுகிறார்கள். உதயம் பார்ப்பதற்காக அங்கே யாரும் தூக்கத்தைத் துறக்க வேண்டியதில்லை. வேலைக்குப் போகும் வழியிலேயே அது எதிர்ப்படுகிறது. நகரின் வடமேற்கிலுள்ள நோரப்ரோ பகுதியிலிருந்து மையத்துக்குச் செல்லும் பெருஞ்சாலை தென்கிழக்கு நோக்கிப் போகிறது. குளிர்காலத்தின் நடுவில் அந்த அட்சரேகையில் சூரியன் எழும் திசையும் தென்கிழக்குதான். சாலை முடியுமிடத்தில், ஏரிகளுக்கு மேல், 1887-இல் கட்டி முடிக்கப்பட்ட லூயிசா அரசி பாலம் இருக்கிறது. கட்டடங்களுக்கிடையே ஒடுங்கிக் கிடந்த வானம் அங்கே சட்டென்று விரிகிறது. காலையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் மிதித்து வருபவர்களுக்குத் தொடர்ந்து பச்சை விளக்கு கிடைக்கும்படி இச்சாலையின் சிக்னல்களை அமைத்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான சைக்கிள்கள் நிற்காமல் சூரியனை நோக்கிப் போகின்றன. ஒன்றிரண்டு மட்டும் பாலத்தில் ஓரம் கட்டும். ஓட்டி வந்தவர் கையுறையைக் கழற்றிக் கைபேசியை எடுப்பார். இந்தச் சிறு செயலுக்குள் ஒரு பழைய வினா இருக்கிறது. அழகைப் பெற்றுக்கொள்வதும் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதும் ஒரே மனத்தில் சேர்ந்து நிற்குமா?

அந்த உதயத்தின் இயல்பை முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக ஏறுகிறது. விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளிவர இரண்டரை நிமிடம் போதும். கோபன்ஹேகனின் டிசம்பர் சூரியன் சுமார் 26 பாகைச் சாய்வில் அடிவானத்தை உரசிக்கொண்டு எழுவதால் ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்கு முந்தைய விடியல் வெளிச்சம் முக்கால் மணி நேரம் நீடிக்கிறது. காற்று மண்டலத்தில் ஒளி நெடுந்தூரம் கடந்து வரும்போது நீலம் சிதறிப்போய்ச் சிவப்பும் ஆரஞ்சும் எஞ்சுவது எல்லா ஊருக்கும் பொது. அங்கே அந்த நிறங்கள் நின்று நிதானமாகப் போகின்றன. இன்னொரு செய்தியும் உண்டு. அடிவானத்தருகே காற்று ஒளியை அரைப் பாகைக்குச் சற்று மேல் வளைக்கிறது. சூரிய வட்டம் அடிவானத்தைத் தொட்டு நிற்பதாகக் கண் காணும்போது, வடிவியல்படி அது முழுவதும் கீழேதான் இருக்கிறது. அந்த ஒளி சூரியனிலிருந்து புறப்பட்டும் எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். வெறுங்கண் உண்மையைக் காண்கிறது, கருவி பிரதியைத்தான் தருகிறது என்ற வாதம் இந்த இடத்தில் வலுவிழக்கிறது. படம் எடுப்பதைக் குறை சொல்ல வேண்டுமானால் வேறிடத்தில் தொடங்க வேண்டும்.

அந்த இடம் ஆசை. ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் 1790-இல் வெளியிட்ட நூலில், அழகு தரும் இன்பம் உடைமை விருப்பம் கலவாதது என்று வாதிட்டார். அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக் 1977-இல் நூலாக்கிய கட்டுரைகளில், படம் எடுப்பது எடுத்த பொருளைத் தனதாக்கிக்கொள்ளும் செயல் என்றார். உளவியல் சோதனைகள் இரு பக்கமும் பேசுகின்றன. உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட அருங்காட்சியக ஆய்வில், பொருளை முழுதாகப் படம் எடுத்தவர்களுக்கு அதைப் பற்றிய நினைவு குறைந்தது. ஒரு பகுதியை நெருங்கி எடுத்தவர்களுக்குக் குறையவில்லை. கிறிஸ்டின் டீலும் உடன் ஆய்ந்தவர்களும் 2016-இல், படம் எடுப்பது ஈடுபாட்டைக் கூட்டி மகிழ்ச்சியையும் கூட்டுவதைக் கண்டார்கள். அதே குழுவினர் 2018-இல், சமூக ஊடகத்தில் பகிரும் நோக்கத்தோடு எடுக்கும்போது அம்மகிழ்ச்சி குறைவதையும் காட்டினார்கள். ஆக, கேடும் நன்மையும் கருவியைவிட எடுப்பவரின் நோக்கத்தில் இருக்கின்றன. இந்த நோக்கத்தைப் பற்றி மிகக் கூர்மையாகச் சிந்தித்த ஒருவர் அதே சாலையோரத்திலேயே அடக்கமாகியிருக்கிறார்.

நோரப்ரோ சாலையை ஒட்டியுள்ள அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில் டேனிஷ் தத்துவ அறிஞர் சோரன் கீர்க்ககோரின் (1813–1855) கல்லறை இருக்கிறது. ஒளிப்படக் கலை பரவத் தொடங்கிய காலத்தில் வாழ்ந்தும், அவருடைய ஒளிப்படம் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, இருப்பவை ஓவியங்களே. 1843-இல் அவர் வெளியிட்ட ‘இது அல்லது அது’ நூலில் அழகியல் மனிதன் ஒருவன் வருகிறான். சலிப்பே எல்லாத் தீமைக்கும் வேர் என்று நம்பும் அவன், உழவர்கள் பயிரை மாற்றி மாற்றி இடுவதுபோல இன்பங்களை மாற்றிக்கொண்டே இருக்க வழி தேடுகிறான். அதே ஆண்டில் வந்த ‘மீட்சி’ என்ற சிறு நூலின் கதைசொல்லி, முன்பு பெர்லினில் கண்ட இன்பத்தை மறுபடி அடைய முடியுமா என்று சோதிக்க மீண்டும் அங்கே போகிறான். அதே நகரம், அதே விடுதி, அதே நாடக அரங்கு. இன்பம் மட்டும் வரவில்லை. அந்நூலில் வரும் இளைஞன் ஒருவன் மறுபாதியில் விவிலியத்தின் யோபு கதையை வாசிக்கிறான். எல்லாவற்றையும் இழந்த யோபு அவற்றை இரட்டிப்பாகத் திரும்பப் பெற்றார். ஆனால் தன் முயற்சியால் பெறவில்லை, கொடுக்கப்பட்டதால் பெற்றார். மீண்டும் வருவதை மனிதன் ஏற்பாடு செய்துகொள்ள முடியாது, வந்தால் ஏற்றுக்கொள்ளத்தான் முடியும் என்பது அந்நூல் காட்டும் வழி.

நேற்றைய செம்மையை இன்றும் எதிர்பார்த்துப் பாலத்தில் நிற்பவர் பெர்லினுக்குத் திரும்பிப் போனவரின் நிலையில் இருக்கிறார். ஒவ்வொரு நாளும் முந்தைய நாளை மிஞ்சிய படம் வேண்டும் என்பவர் பயிரை மாற்றிக்கொண்டிருப்பவர். இருவருக்கும் உதயம் ஒரு மூலப்பொருள். வேலைக்குப் போகிறவருக்கு இதில் ஒரு சாதகம் உண்டு, அது பெரிய சாதகம் என்றே சொல்ல வேண்டும்: அவர் உதயத்தைத் தேடி வரவில்லை. அவர் வண்டியேறியது வேலைக்காக. எதிரே வந்தது கூடுதலாகக் கிடைத்தது. 1849-இல் வெளியான, வயல்வெளி லில்லியையும் வானத்துப் பறவையையும் பற்றிய சமயச் சொற்பொழிவுகளில் கீர்க்ககோர் அவற்றிடமிருந்து கற்கச் சொல்வது மூன்று: மௌனம், கீழ்ப்படிதல், மகிழ்ச்சி. மகிழ்ச்சி என்பது இன்றைய நாளில் முழுமையாக இருப்பது என்று அவர் விளக்குகிறார். எடுத்த படத்தை நாளைக்குப் பார்க்கலாம் என்ற எண்ணம் அந்த இன்றைச் சற்றே தள்ளிப்போடுகிறது. படம் எடுப்பவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இந்த ஓரிடத்தில்தான்.

டென்மார்க்கில் சைக்கிள் ஓட்டிக்கொண்டே கைபேசியைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவது குற்றம், அபராதம் உண்டு. எனவே படம் வேண்டுமென்றால் நிற்க வேண்டும். நிற்பதற்கு முன் பின்னால் வருபவர்களுக்குக் கையை உயர்த்திக் காட்ட வேண்டும். தொடர் பச்சை விளக்கு கைநழுவிப் போகும், விரல் குளிரில் விறைக்கும், சில நிமிடம் தாமதமாகும். இந்தச் சிறு இழப்பு மதிப்புள்ளது. நிற்காமல் போயிருந்தால் வானத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு மறந்திருக்கக்கூடியவரை, படம் எடுக்கும் எண்ணம் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கிறது. அந்த நிமிடங்களில் எவ்வளவைத் திரைக்குக் கொடுக்கிறார், எவ்வளவை ஏரிக்குக் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து அச்செயலின் தன்மை மாறுகிறது.

கொடுக்கப்படுவதை ஏற்கும் பக்திக்கு உருவம் சமைப்பது எதிரானதன்று என்பதற்கு டென்மார்க்கிலேயே பழைய சான்று இருக்கிறது. 1902-இல் சீலாந்து தீவின் டிரண்ட்ஹோல்ம் சதுப்பு நிலத்தை உழுதபோது வெண்கலத்தாலான சூரியத் தேர் ஒன்று கிடைத்தது. வயது ஏறத்தாழ 3,400 ஆண்டு. ஒரு குதிரை, ஆறு சக்கரங்கள், பின்னால் ஒரு வட்டு. வட்டின் ஒரு முகத்தில் மட்டும் பொன்தகடு. பொன் முகம் பகலையும் மறுமுகம் இரவையும் குறிக்கலாம் என்கிறார்கள். இன்று அது கோபன்ஹேகன் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைச் செய்தவர்கள் வேண்டுமென்றே உடைத்துச் சதுப்பில் காணிக்கையாக இட்டார்கள் என்பது தொல்லியலாளர் கருத்து. இவ்வளவு நுட்பமாக உருவாக்கியதை அவர்கள் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. படத்தைப் பற்றிய சமயக் கேள்வி, எடுத்த பின் அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் முற்றுப்பெறுகிறது. எழ முடியாமல் படுத்திருக்கும் தாய்க்கு அனுப்பும் படமும், பாராட்டுகளை எண்ணுவதற்காக இடும் படமும் பகிர்தல் என்ற ஒரே பெயருக்குள் அடங்கினாலும் ஒன்றல்ல.

கோபன்ஹேகனின் டிசம்பர் பெரும்பாலும் மேகமூட்டமானது. நாள் கணக்காகச் சூரியன் தெரியாது. சாம்பல் நிறம் மெல்ல வெளிறுவதே விடியல். எடுப்பதற்குப் படம் இல்லாத அந்த நாள்களிலும் அதே பாலத்தை, அதே நேரத்தில், அதே திசை நோக்கிக் கடக்க வேண்டியிருக்கிறது. சேகரிப்பவருக்கு அவை வீண் நாள்கள். கொடுக்கப்படுவதை ஏற்கப் பழகியவருக்கு அவையும் கணக்கில் சேரும். பிப்ரவரி நடுவில் உதயம் 7.30-ஐ நெருங்குகிறது, மார்ச்சில் பெரும்பாலோர் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே சூரியன் எழுந்துவிடுகிறது. அடுத்த அக்டோபர் வரை பாலத்தில் யாரும் அதற்காக ஓரம் கட்ட வேண்டியதில்லை.