பெயர் அறியா நட்பு

ஒருவரை அறிந்து பழகிய பின்னரே நட்பு தோன்றும் என்பது உலக வழக்கு. பெயரும் ஊரும் அறியாத ஒருவர் செய்யும் உதவியை இரக்கம் என்போம். நட்பு என்று சொல்லத் தயங்குவோம். இத்தயக்கம் முறைதானா என்பதைத் தேனி மாவட்டத்து நிகழ்ச்சி ஒன்றைக்கொண்டு சிந்திப்போம்.

ஏலக்காய்ச் சந்தையால் பெயர் பெற்றது போடிநாயக்கனூர். அதன் மேற்கே ஏலமும் காப்பியும் தேயிலையும் விளையும் மலைச்சரிவுகள் எழுகின்றன. அவற்றின் அடிவாரத்தில் உள்ள சிற்றூர் குரங்கணி. 2018 மார்ச் 11 ஆம் நாள், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிக்கொண்டிருந்த மலைநடைப் பயணிகளைக் காட்டுத்தீ சூழ்ந்தது. அவர்கள் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள், பலர் இளம்பெண்கள். அன்றும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிர் நீத்தனர்.

அரசுத் துறையினரும் விமானப்படையின் ஹெலிகாப்டர்களும் மீட்புப் பணியில் ஈடுபட்டனர். அவர்களுடன் மலைக்கிராமத்து மக்களும் இருளில் சரிவேறினர். தீக்காயமுற்றோரைத் தூளி கட்டிச் சுமந்து இறக்கினர். சுமந்தவர் யாரென்று சுமக்கப்பட்டவர் அறியார். சுமக்கப்பட்டவர் யாரென்று சுமந்தவரும் கேட்டிரார்.

இங்கே ஓர் ஐயம் எழும். ஒவ்வோர் உயிரும் தன் வினைப்பயனைத் தானே நுகர்கிறது என்று ஏகத்துவ பாவனை உணர்த்துகிறது. அவ்வாறாயின், முன்பின் அறியாத ஒருவர் தோள்கொடுப்பதால் விளையும் பயன் யாது? எரிந்த உடலின் வேதனையில் ஒரு துளியையேனும் அவரால் வாங்கிக்கொள்ள இயலாதே!

இயலாதுதான். எனினும் தர்ம திரவியத்திற்கு நம் ஆன்றோர் காட்டும் உவமையை நினைவுகூர்வோம். நீர் மீனைத் தள்ளுவதில்லை, நீந்துவது மீனே. ஆயினும் நீரின்றி மீன் நீந்தாது. துன்பத்தைக் கடப்பவர் தாமே கடக்க வேண்டும். அதற்கு இடந்தரும் நீராக இன்னோர் உயிர் நிற்கலாம்.

தத்துவார்த்த சூத்திரம் எல்லா உயிர்களிடத்தும் மைத்திரியையும், துன்புறுவோரிடம் காருண்யத்தையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறது. பிற உயிர்க்குத் துன்பம் வாராதிருக்க வேண்டும் என்னும் விருப்பமே மைத்திரி என்பது பூஜ்யபாத ஆச்சாரியர் தரும் விளக்கம். ஆகவே, இரக்கம் துன்பத்தைக் கண்டபின் எழுவது; நட்போ அதற்கு முன்பே உள்ளத்தில் இருப்பது. செய்தி கேட்டவுடன் மலையேறிய கால்களை நடத்தியது, முன்னரே குடிகொண்டிருந்த அந்நட்பேயன்றோ? அதற்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

இவ்வாறு புகழ்ந்துவிட்டு நாம் ஒதுங்கிவிடலாகாது. சுமந்தவர் விடிந்ததும் தம் வீடு திரும்புவார். மகளை இழந்த தாய்க்கோ அதன்பின் நெடிய ஆண்டுகள் உள்ளன. அன்புக்குரியாரைப் பிரிந்து, அதையே நினைந்து வாடுதல் இஷ்டவியோக ஆர்த்தத் தியானம் எனப்படும். அது தீவினைக்கு ஏதுவாகும் என்று அத்தாய்க்கு உபதேசித்தல் எளிது; அவள் தானாகப் பேசும்வரை அருகில் அமர்ந்திருத்தல் அரிது. அந்த அரிய பணி, அவள் பெயரறிந்த உற்றாருக்கும் அயலாருக்கும் உரியது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை தொடங்கிய மலைநடைத் திட்டத்தில் குரங்கணிப் பாதையும் இடம்பெற்றது. உள்ளூர் மலைமக்களுள் பயிற்சி பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்பது அத்திட்டத்தின் ஏற்பாடு. இழப்பு கற்பித்த எச்சரிக்கையுடன், துணையோடு, மனிதர் அதே மலையில் மீண்டும் ஏறுகின்றனர். துக்கத்திலிருந்து எழுவோரும் இவ்வாறே எழுகின்றனர்.

பெயர் தெரியாதவர்க்குப் பட்ட நன்றிக்கடனை எங்ஙனம் தீர்ப்பது? அடுத்து எதிர்ப்படும் பெயர் தெரியாதவரிடமே தீர்க்கலாம். பேருந்து நிலையத்திலோ மருத்துவமனைத் தாழ்வாரத்திலோ தனித்து அழுபவரைக் கண்டால், ஊரும் பேரும் வினவுமுன் ஒரு குவளை நீர் அளிப்போமாக.