இழந்த நேரம் யாருடையது?

லக்னோவுக்கும் புது டில்லிக்கும் இடையே 2019 அக்டோபரில் தேஜஸ் விரைவு ரயில் ஓடத் தொடங்கியபோது, இந்திய ரயில் பயணிகள் அதுவரை கண்டிராத ஓர் ஏற்பாடும் உடன் வந்தது. வண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணி ஒவ்வொருவருக்கும் 100 ரூபாய். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் 250 ரூபாய். ஐ.ஆர்.சி.டி.சி. வழங்கிவந்த இந்த இழப்பீடு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆயினும் அது எழுப்பிய அறவினா ஒன்று இன்றும் எஞ்சி நிற்கிறது.

குடும்பத்தை லக்னோவில் வைத்துவிட்டு டில்லியில் பணிபுரியும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வாரந்தோறும் அவர் ஊர் சென்று திரும்பும் செலவை அலுவலகமே ஏற்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை, இரவு பத்து மணியளவில் லக்னோ சேர வேண்டிய வண்டி நள்ளிரவைத் தாண்டிச் சேர்கிறது. கைக்கு வரும் 250 ரூபாய் யாருக்கு உரியது? சீட்டுக்குப் பணம் தந்தவருக்கா, வண்டியில் காத்துக்கிடந்தவருக்கா?

பணம் தந்தவருக்கே என்பதற்கு வலுவான முன்மாதிரி உண்டு. அரசு ஊழியர் அலுவல் நிமித்தம் விமானத்தில் செல்லும்போது சேரும் ‘மைலேஜ்’ புள்ளிகளைத் துறையின் பிற அலுவல் பயணங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்று, 2017 ஜூலையில் மத்திய நிதி அமைச்சகம் வெளியிட்ட பயணப்படி உத்தரவு கூறுகிறது. சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் துறை நடவடிக்கை பாயும். அரசின் பணத்தில் விளைந்த பயன் அரசையே சேர வேண்டும் என்பது அதன் நியாயம். மறுப்பதற்கில்லை.

ஆனால் புள்ளிகள் சீட்டை வாங்கியதால் விளைபவை. தாமதத் தொகையோ துன்பத்தைத் தாங்கியதால் வருவது. தேஜஸில் சாதாரண இருக்கைக்கும் உயர்வகுப்பு இருக்கைக்கும் கட்டணம் வேறு. தாமதத் தொகை மட்டும் ஒன்றே. கட்டணத்தோடு ஒட்டாத ஒன்றைக் கட்டணத்தின் பகுதி என்று எப்படிச் சொல்வது? வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிப் பயணமே செய்யாதவருக்கு ரயில்வே திருப்பித் தரும் முழுக் கட்டணம் வேறு வகை. அது ஐயமின்றி நிறுவனத்தின் பணம்.

2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த தீர்ப்பொன்று இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. நான்கு மணி நேரம் தாமதமாக ஜம்மு சேர்ந்த ரயிலால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்டவருக்கு, வாடகைக் காருக்கு 15,000 ரூபாய், முன்பதிவுச் செலவுக்கு 10,000, மன உளைச்சலுக்கு 5,000, வழக்குச் செலவுக்கு 5,000 என்று தனித்தனியே ரயில்வே தர வேண்டியதாயிற்று. அது சொந்தப் பயணம். அந்தக் காருக்கு ஒரு நிறுவனம் பணம் தந்திருந்தால் 15,000 ரூபாயை அதனிடம் சேர்ப்பதே முறை. மன உளைச்சலுக்கான தொகையை மட்டும் எந்த நிறுவனமும் கேட்க இயலாது. நிறுவனத்துக்கு மனம் உளைவதில்லை.

திங்கட்கிழமைக் காலைத் தாமதம்தான் சிக்கலானது. அப்போது கரைவது அலுவலக நேரம். அதற்குச் சம்பளமும் உண்டு. அவ்வேளையில் தொகையில் ஒரு பங்கேனும் நிறுவனம் கோரினால் அது பேராசை ஆகாது. ஆனால் விட்டுப்போன வேலையை அன்றிரவே ஊழியர் அமர்ந்து முடித்துவிட்டால், இழப்பு மீண்டும் அவருடையதாகிவிடுகிறது.

பதஞ்சலி யோக சூத்திரம் ஐந்து யமங்களுள் ஒன்றாக வைக்கும் அஸ்தேயம், அதாவது பிறர் பொருளைக் கவராமை, ஊழியருக்கு மட்டும் உரிய நெறி என்றே பலரும் கருதுகின்றனர். பயணச்சீட்டை வாங்கித் தந்ததால் ஊழியரின் இரவையும் வாங்கிவிட்டதாக எண்ணும் முதலாளிக்கும் அது பொருந்தும். அந்த வெள்ளியிரவு உறங்காமல் காத்திருந்த மனைவியின் நேரத்தையோ எவரும் கணக்கில் எழுதுவதேயில்லை.

தாமதத் தொகை யாருக்கு என்பதை அலுவலக விதியில் ஒரு வரியாக எழுதிவிட்டால் குழப்பம் தீரும். அந்த வரி இல்லாத இடத்தில், ‘250 ரூபாய் வந்திருக்கிறது’ என்று கணக்காளரிடம் சொல்ல அரை நிமிடம் போதும். பெரும்பாலும் அவர் சிரித்துவிட்டு, ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்றுதான் சொல்வார்.