கொடுக்கும் கையும் கோடிழுக்கும் கையும்

தேசத்தை ஆக்குவது எது? மொழியா, மதமா, குருதியா, பொதுச் சரித்திரமா என்று அறிஞர் பலர் வாதித்துள்ளனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ராஜதந்திரிகளோ இவ்வாதத்தின் முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. தேசம் தானாக முளைப்பதன்று, ஆக்கப்படுவது என்பதை அவர்கள் நன்குணர்ந்திருந்தனர். ஆக்குவதற்கு இரு கருவிகள் அவர்கள் கையில் இருந்தன. ஒன்று தேசீய உணர்ச்சி. மற்றது சமூக நலச் சட்டம்.

இவ்விரண்டையும் ஒருங்கே கையாண்டவர்களுள் தலைசிறந்தவர் பிஸ்மார்க். மூன்று போர்களின் முடிவில், 1871இல், ஜெர்மன் பேரரசு பிறந்தது. சிதறிக் கிடந்த அரசுகளை இணைக்க வாள் போதுமாயிருந்தது. மக்களை இணைக்க அது போதவில்லை. ஆலைத் தொழிலாளர் சோஷலிசத்தின்பால் திரும்பினர். 1878இல் சோஷலிஸ்ட் ஸ்தாபனங்களுக்குத் தடை விதித்த பிஸ்மார்க், அடக்குமுறை மட்டும் பயன் தராதெனக் கண்டு, 1883இல் நோய்க் காப்புறுதி, 1884இல் விபத்துக் காப்புறுதி, 1889இல் முதுமைக்கால ஓய்வூதியம் எனச் சட்டங்களை இயற்றினார். அரசு தன்னுடையது என்று தொழிலாளி எண்ண வேண்டும் என்பதே அவர் கருத்து. உலக நாடுகள் பலவும் பின்னர் இவ்வழியைப் பின்பற்றின.

ஆயினும் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நிகழ்ந்தது. 1885 முதல், பிரஷ்யாவின் கிழக்கு மாகாணங்களில் பிரஜாவுரிமையின்றி வாழ்ந்த போலந்து மக்களும் யூதருமாக 30,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். இதனை நல்லதொரு கொள்கைக்கு நேர்ந்த களங்கம் என்று கொள்வது தவறு. 'நம்மவர்க்கு' என்று ஒரு கை கொடுக்கும்போது, நம்மவர் யார் என்று மற்றொரு கை கோடிழுக்கிறது. இரு கைகளும் ஓர் உடலுக்கே உரியன.

இக்கதை ஐரோப்பாவோடு முடிந்ததா? இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் நமது பட்டிப்பொல. இந்த மலைப்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. பட்டிப்பொலச் சிகரத்தைக் கடந்து 1894இல் பண்டாரவளையை அடைந்தது. மலைநாட்டுத் தேயிலை இதன் வழியே துறைமுகம் சென்றது, அரிசி மேலேறியது. காட்டை அழித்துத் தோட்டமாக்கி, பனியிலும் மழையிலும் கொழுந்து பறித்தோர் தென்னிந்தியாவினின்றும் வந்த தமிழ்த் தொழிலாளர்.

பிஸ்மார்க் கையாண்ட கருவிகள் இங்கும் தோன்றின. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மானிய அரிசியும் இலவச வைத்தியமும் இந்நாட்டைப் பிற ஆசிய நாடுகள் வியக்குமாறு செய்தன. இவற்றுக்கான பணத்தின் பேரூற்று தேயிலை ஏற்றுமதி. ஆனால் தோட்டப் பள்ளிக்கூடங்கள் இலவசக் கல்வித் திட்டத்துக்கு வெளியே நின்றன. அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான்.

பின்னர்க் கோடு சட்டமாயிற்று. டி. எஸ். சேனாநாயக்காவின் அரசாங்கம் 1948இல் இயற்றிய 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், ஒருவர் இந்நாட்டிற் பிறந்தமையைப் போதுமான தகுதியாகக் கொள்ளவில்லை. தந்தையும் இங்கு பிறந்தமையையோ, பாட்டனும் பூட்டனும் பிறந்தமையையோ நிறுவுமாறு கேட்டது. லயத்தில் பிறந்து லயத்தில் மாண்ட பாட்டனுக்குப் பிறப்புப் பத்திரம் எங்கே தேடுவது? 1947 தேர்தலில் ஏழு பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் இழந்தனர். அவ்வாண்டு இயற்றிய மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. பிரஜைகளாக ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

'எல்லை இல்லாத தேசம் உண்டோ?' என்று கேட்பார் உளர். கண்டிச் சிங்கள விவசாயி தன் நிலத்தை இழந்தானல்லவா என்றும் கேட்பர். அவன் குறை பொய்யன்று. எனினும் அந்நிலத்தை எடுத்தது 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டமும் துரைமாரின் மூலதனமும். கொழுந்து பறித்த கை அன்று. எல்லை வேண்டும் என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இங்கே எல்லை அந்நியனுக்கும் சுதேசிக்கும் இடையே விழவில்லை. நீர் இறைப்பவனுக்கும் குடிப்பவனுக்கும் இடையே விழுந்தது. இறைப்பவனை வெளியே நிறுத்திவிட்டுக் குடிக்க வந்தவர்கள் ஒற்றுமையாக வரிசையில் நிற்பார்களாயின், அவ்வொற்றுமையை அறம் என்று சொல்ல இயலுமா?

நமக்கு நெருக்கமான அணியையும் இக்கேள்வி விடவில்லை. 1948இல் இடதுசாரி உறுப்பினர்கள் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தனர். அது அவர்களுக்குப் பெருமை. ஆனால் 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தபோது, லங்கா சமசமாஜக் கட்சி அமைச்சரவையில் அமர்ந்திருந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மூட்டை எண்ணுவதுபோல் மனிதர் எண்ணப்பட்டனர்; அவர்கள் சம்மதம் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. பிரதேச சபைகள் தோட்டங்களில் பணம் செலவிடுவதற்கிருந்த சட்டத் தடை 2018இல்தான் நீங்கியது. கோடு அழிக்கப்பட்டாலும் அதன் தழும்பு லயங்களில் இன்னும் தெரிகிறது.

ஆகையால் நலத் திட்டங்கள் வேண்டாம் என்பதா? அன்று. இலவசக் கல்வி இல்லையேல் இந்நாட்டின் ஏழைச் சிறுவர் எத்தனையோ பேர் எழுத்தறியாது போயிருப்பர். அதனைக் குறைத்துப் பேசுவது நன்றி கொன்ற செயல். நாம் கேட்பது ஒன்றே: ஒரு நலத் திட்டத்தைப் புகழுமுன், அதற்கான செல்வத்தை உழைத்துத் தந்தவர் அதன் பயனுக்கு உள்ளே இருக்கிறாரா, வெளியே இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

சரித்திர வகுப்பில் ஆண்டுகளை மனனம் செய்விப்பது நம் வழக்கம். அவற்றை ஜோடியாகக் கற்பிப்போம். 1883ஐக் கரும்பலகையில் எழுதும்போது அதன் அருகே 1885ஐயும், 1945ஐ எழுதும்போது அதன் அருகே 1948ஐயும் எழுதுவோம். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் கேட்பர். விடையை உடனே சொல்லிவிடாது, அவர்களே தேடும்படி விடுவோம்.