அழித்துச் செய்தலும் சேர்த்து வைத்தலும்: ஓர் அறவியல் நோக்கு

யாழ்ப்பாணத்திலே நகை பழையதானால் அதனை அழித்துச் செய்விப்பது வழக்கம். ‘அழித்துச் செய்தல்’ என்னும் இத்தொடரை எமது வீடுகளில் எவரும் வருத்தத்தோடு உச்சரிப்பதில்லை. அம்மம்மாவின் அட்டியல் பேர்த்தியின் திருமணத்துக்காக உருக்கப்படும். தாயின் காப்பு மகளின் சங்கிலியாகும். இதிலே கணக்கு என்பது பவுண் கணக்கே. செய்கூலியும் சேதாரமும் எவராலும் விரும்பப்படாத கழிவுகள். பழைய வேலைப்பாட்டுக்குக் கன்னாதிட்டியில் விலை கிடையாது. அண்மைக் காலத்தில் இவ்வழக்கத்துக்கு நேர்மாறான இயல்புடைய ஒருவர் எம்மிடையே தோன்றியுள்ளார். பொன்னின் நிறையை அவர் பொருட்படுத்துவதில்லை. கல்லட்டியல், நாகபடம், மூக்குப்பேணி, படிக்கம், பாக்குவெட்டி, தூக்குவிளக்கு என்பவற்றை அவை பழையன என்பதற்காகவே, நிறைக்குரிய விலையினும் கூடுதலாகக் கொடுத்து வாங்குகின்றார். கொழும்பிலிருந்தும் வருகின்றார், இலண்டன், ரொறன்ரோ போன்ற நகரங்களிலிருந்தும் வருகின்றார். இவர் செய்வது நன்றா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

‘எமது பண்பாட்டுச் செல்வத்தைப் பிறர் கொண்டுபோகின்றனர்’ என்பது உடனே எழும் மறுப்பு. இம்மறுப்பை நான் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். குடாநாடு கடல்வழிகளின் சந்தியாக இருந்த நிலம். கந்தரோடையில் 1917ஆம் ஆண்டளவில் போல் பீரிஸ் ஆராய்ந்தபோது இந்திய அச்சுக்குத்து நாணயங்களும் உரோம நாணயங்களும் செம்பினாலான அஞ்சனக்கோல்களும் ஒரே மண்ணிலிருந்து கிடைத்தன. அல்லைப்பிட்டியில் 1977இல் சீனத்துச் சொங் காலப் பீங்கான்கள் வெளிப்பட்டன. ஆரியச்சக்கரவர்த்தியிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம் ஒன்றைக் கண்டதாக 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா எழுதிவைத்தார். எமது கடலின் சங்குகள் வங்காளத்துக்குச் சென்று அந்நாட்டுப் பெண்களின் வளையல்களாயின. பவுண் என்னும் சொல்லோ ஆங்கிலேயருடையது. மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கச் சென்றோர் அனுப்பிய பணமும் எம்மவர் கழுத்திலே பொன்னாய் ஏறியது. சேகரிப்பாளர் தமது பொருள்களைப் பூட்டிவைக்கும் அலுமாரிகூடப் போர்த்துக்கேயர் எமக்கு விட்டுச்சென்ற சொல்லே. வந்துபோவதையே இயல்பாகக் கொண்ட பொருள் இன்னொருமுறை கடல் கடந்தால் மட்டும் அதனைக் களவு என்பது பொருந்துமா?

ஆகவே ‘எமது’ என்னும் சொல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, பேணப்படவேண்டியது எது என முதலில் கேட்கவேண்டும். பொன்னும் பணியும் என்னும் உவமை எமது தத்துவ நூல்களைப் பயின்றோர் அனைவரும் அறிந்ததே. பணிகள் பலவாயினும் பொன் ஒன்றே. வடிவம் தோன்றி மறையும், பொருள் நிலைக்கும் என்பர் வேதாந்திகள். இவ்விடயத்தில் அடைவுகடைக்காரரும் வேதாந்தியே என்பது வேடிக்கையானது. அவரும் வடிவத்தைப் பாராது உரைகல்லையும் தராசையுமே பார்க்கின்றார். சேகரிப்பாளரோ வடிவமே மெய் என்கின்றார். இவ்விருவரும் காணாத மூன்றாவது ஒன்றும் உண்டு. அது பொன்னுமன்று, பணியுமன்று. இன்னார் இன்னாருக்குக் கொடுத்தது என்னும் உறவு. 1707இல் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பாகுபாடு இவ்வுறவையே அடிப்படையாகக் கொண்டது. ஒரு சொத்து எவ்வளவு பெறுமதியானது என்று கேட்குமுன் அது எவ்வழியாக வந்தது என்று அச்சட்டம் கேட்கிறது. அழித்துச் செய்யும்போது வடிவம் அழிகின்றது, உறவு தொடர்கின்றது. சேர்த்து வைக்கும்போது வடிவம் பிழைக்கின்றது. உறவு பெரும்பாலும் வாங்குமிடத்திலேயே அறுந்துவிடுகின்றது.

சேகரிப்பாளர் சார்பிலே கூறத்தக்க நியாயத்தைக் குறைத்து மதிப்பிடலாகாது. அவர் வாங்கியிராவிடில் அப்பொருள் உலைக்குத்தான் போயிருக்கும். ஒரு குறிப்பிட்ட நாகபடத்தின் ஐந்தலையை எந்தத் தட்டார் எவ்வாறு அடித்து எழுப்பினார் என்பதை இன்று கற்க விரும்பும் மாணவனுக்கு, உருக்காமல் விடப்பட்ட ஒன்றைத் தவிர வேறு ஆசிரியர் இல்லை. ஆனந்த குமாரசுவாமியை இங்கு நினைவுகூர்தல் பொருத்தமானது. யாழ்ப்பாண வழியினரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877இல் கொழும்பிற் பிறந்த அவர், கிராமத்துக் கம்மியரின் தொழிலைக் கண்ணாரக் கண்டு 1908இலே மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். அவர் அரும்பாடுபட்டுச் சேர்த்த இந்திய ஓவியங்களும் பிறவும் இறுதியில் 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையைச் சேர்ந்தன. அவரும் அங்கேயே பணியாற்றினார். அவ்வாறு சென்றிராவிடில் அவற்றை ஒருசேரக் காணும் வாய்ப்பு உலகத்துக்குக் கிட்டியிராது எனலாம். ஆயினும் அதே குமாரசுவாமிதான் பிற்காலத்தில், கலைப்பொருளைக் காட்சிக்கு வைப்பது ஏன் என்ற வினாவை எழுப்பி, பயன்பாட்டுக்கெனச் செய்யப்பட்ட பொருளை அப்பயனிலிருந்து பிரித்து வெறுமனே பார்த்து மகிழ்வதைக் கண்டித்தார். தாமே சேகரிப்பாளராயிருந்தும் இதை மறைக்காது கூறினார் என்பதே அவர் வாதத்துக்கு வலிமை தருகின்றது.

பயன் என்று கூறும்போது ஒன்றை மறத்தலாகாது. மூக்குப்பேணி அழகான வெண்கலப் பாத்திரம்; உதடு படாமல் நீரருந்தும் நுட்பமான ஏற்பாடு. அதே வீட்டின் பின்புறத்தில் சிரட்டையிலும் போத்தலிலும் நீர் வார்க்கப்பட்டோர் இருந்தனர். சில சாதிப் பெண்கள் பொன்னணி பூணுதலும் தடுக்கப்பட்டிருந்த சமூகம் இது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இலேதான் வந்தது. கண்ணாடிக்குள் ‘யாழ்ப்பாணத்துப் பண்பாடு’ என்ற தலைப்பின்கீழ் மூக்குப்பேணியை வைப்பவர் சிரட்டையை வைப்பதில்லை. இது சேகரிப்பாளரின் குற்றம் மட்டுமன்று. சிரட்டையை எவரும் முதுசமாகக் கொடுத்ததில்லை. ஆயினும் எஞ்சியவை மட்டுமே வரலாறு என்று நம்புவது ஒருவகைப் பொய்.

இனி, இவ்வினாவின் மிகக் கடினமான பகுதிக்கு வருகின்றேன். வேறெங்கேனும் பழம்பொருள் வாங்குவோர் அது மெய்யானதா, போலியா என்று மட்டும் வினவினாற் போதுமாயிருக்கலாம். குடாநாட்டிலிருந்து வெளியேறிய நகையை வாங்குவோருக்கு அது போதாது. 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். போகும் வழியிலே பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பெண்களின் காதிற்கிடந்தவையும் கழற்றப்பட்டன. ஐந்து ஆண்டுகளின் பின், அதே ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி ஓடினர். குத்துவிளக்கையும் அண்டாவையும் வளவிற் புதைத்துச் சென்றோர் பலர். திரும்பியபோது குழி மட்டும் இருந்தது. அதற்கு முன்னரே, 1990களின் தொடக்கத்தில், குடும்பத்துக்கு இரண்டு பவுண் என்று விடுதலைப் புலிகளால் வாங்கப்பட்டது. வன்னியில் அடைவுக்கு வைக்கப்பட்ட நகைகள் 2009இன் பின் இராணுவத்தின் கைக்குச் சென்றன. அங்கு கைப்பற்றப்பட்ட பொன்னணிகள் 2025 மே மாதத்திலேதான் பொலிசாரிடம் கையளிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றுக்கு உரியவர் யார் என்று காட்டும் சீட்டு யாரிடமும் இல்லை.

இக்காலப்பகுதியிலே கைமாறிய ஓர் அட்டியல் இன்று ஒரு கண்ணாடிப் பெட்டியில் ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு, யாழ்ப்பாணம்’ என்ற சிறு அட்டையோடு கிடக்கலாம். அந்த அட்டை பொய் கூறவில்லை. ஆனால் செய்யப்பட்ட காலத்தைக் கூறிவிட்டுக் கழற்றப்பட்ட காலத்தை அது விட்டுவிடுகின்றது. நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கினேன் என்பது இங்கு முழு விடையாகாது. விலை கொடுத்தவரிடமிருந்து பெற்றவர் உரியவர்தானா என்பதே வினா.

சட்டம் இதற்கு அதிகம் உதவுவதில்லை. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என்கின்றது. அது கண்டி இராச்சியம் கைமாறிய நாள். யாழ்ப்பாண இராச்சியம் 1619இலேயே வீழ்ந்துவிட்டது. எமது வீடுகளில் எஞ்சிய நகைகளிற் பெரும்பாலானவையோ 1815க்குப் பிற்பட்டவை. சட்டத்தினும் பழைய ஒரு நியாயத்தை நயினாதீவிலே காண்கின்றோம். முதலாம் பராக்கிரமபாகுவின் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஊர்காவற்றுறைக்கு வரும் பிறநாட்டு வணிகரைக் காக்கவேண்டும் என்று கூறி, உடைந்த கலங்களுக்கும் விதி செய்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கலம் கெட்டால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலமாயின் செம்பாதி. அரசன் தன் பங்கை விடவில்லை என்பது உண்மையே. ஆயினும் கலம் உடைந்தமையால் உடைமை உடைந்துவிடவில்லை என்பதை அந்தக் கல் ஏற்றுக்கொள்கின்றது. கரையொதுங்கியதைக் கண்டெடுத்தவனுக்கு முன்னால், கண்காணாத ஒருவனை உடையவன் என்று அது பெயரிட்டு நிறுத்துகின்றது.

கோயிற்படிமங்களின் விடயத்தில் இந்நியாயம் ஓரளவு நிலைநாட்டப்பட்டுள்ளது. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இலண்டன் சென்ற நடராசர், நீண்ட வழக்கின் பின் 1991இல் மீண்டார். திருக்கோணேச்சரத்தில் 1950இல் தோண்டியெடுக்கப்பட்ட வெண்கலத் திருவுருவங்களும் நூதனசாலைக்கன்றிப் பூசைக்கே திரும்பின. ஆனால் கடவுளுக்கு வழக்காடக் கோயில் உண்டு. வளவிற் புதைத்துவிட்டுப் போனவளுக்காக யார் வழக்காடுவது?

ஆகவே சேகரித்தல் தவறு என்று நான் கூறவில்லை. வினவாமற் சேகரித்தலே தவறு என்கின்றேன். வாங்குபவர் பொருளோடு அதன் வரலாற்றையும் வாங்கவேண்டும்: எந்த ஊர், யாருடைய சீதனம், எந்த ஆண்டில், எந்தத் தேவைக்காக விற்கப்பட்டது. அறிய முடியாதவிடத்து ‘அறியப்படவில்லை’ என்று அட்டையில் எழுதும் துணிவு வேண்டும். உரியவர் என்றேனும் தேடிவரின் காட்டவும், பேசவும், வேண்டுமாயின் திருப்பிக் கொடுக்கவும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

இதற்கும் ஒரு தடை உண்டு. அதனை வெளிநாட்டிலிருந்து வருவோர் எளிதில் உணர்வதில்லை. தாலிக்கொடி தவிர்ந்த அனைத்தையும் விற்ற குடும்பம் எம்மூரில் அதனை வெளியே சொல்வதில்லை. இரவிலே, அயலவர் அறியாமல், தரகர் ஒருவர் கையிற் கொடுத்தனுப்புவர். பெயரெழுதக் கேட்டால் விற்காமலே விட்டுவிடுவர். அல்லது உருக்குபவரிடமே கொண்டுபோவர், அவர் பெயர் கேட்பதில்லை. மானத்தைக் காக்க வரலாற்றை மறைப்பவரிடம் வரலாற்றை வற்புறுத்திக் கேட்பதற்கு வாங்குபவருக்கு என்ன உரிமை உண்டு? பெயரை விட்டு ஊரையும் ஆண்டையும் மட்டும் குறித்தல் ஒரு வழியாகலாம். எங்கள் ஊர் ஒழுங்கைகளிலோ, ஊரும் ஆண்டும் தெரிந்தாற் பெயரும் தெரிந்துவிடும்.